ஆரஞ்சுப் பட்டை கட்டின மரம்

1

இல்லங்க, அந்த சிவப்புக் கதவு இடத்தைப் பத்தி இல்ல. அதுதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே, இப்ப அங்க போனா கால் வைக்க இடமில்ல. நான் சொல்ல வந்தது வேற இடம். அதாவது, சொல்ல வரல. சொல்லக்கூடாது. சொல்லாம இந்தக் கதையை எப்படி முடிக்கிறதுன்னு மூணு நாளா முழிச்சிட்டு இருக்கேன்.

சரி, இது எங்க ஆரம்பிச்சுதுன்னு மொதல்லயே ஒத்துக்கிறேன். இந்தக் கதையை நானா எழுதல. எங்க அண்ணி எழுதச் சொன்னாங்க. அதுவும் பொய்யா எழுதச் சொன்னாங்க. டுபார்ட் ஏரியில கரையில நின்னுக்கிட்டே பெரிய கிராப்பி மீன் பிடிச்ச கதை. எல்லாம் நெசமா இருக்கணும், பிடிச்ச இடம் மட்டும் தப்பா இருக்கணும். அதை நம்ம ஊர் குரூப்ல போடணும். படிக்கிறவங்க எல்லாம் பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு அந்தத் தப்பான இடத்துக்கு ஓடணும். சிவப்புக் கதவு காலியாகணும். இவ்வளவுதான் திட்டம்.

(அண்ணின்னா முன்னாள் அண்ணி. ட்வைலா. ஸ்கூல் பஸ் ஓட்டுறாங்க. எங்க அண்ணன் வெண்டலுக்கும் அவங்களுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி விவாகரத்து ஆச்சு. படகு அவனுக்கு, நாய் இவங்களுக்கு. "பேரைச் சொல்லிக் கூப்பிடுடா கோல்பி, நான் இப்ப உனக்கு அண்ணி இல்ல"ன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டாங்க. வாயில வரமாட்டேங்குது.)

(பேரை மாத்திடலாமான்னு யோசிச்சேன். இந்த ஊர்ல பஸ் ஓட்டுற பொம்பளைங்க மொத்தம் மூணு பேர். அதுல மீன் பிடிக்கிறது ஒருத்தர். எதுக்கு மாத்தி?)

2

தொடக்கம் மட்டும் நாலு எழுதினேன்.

"ஏப்ரல் மாசத்துக் காலையில கண்ணாடி மாதிரி கிடந்த ஏரி—"

கிடக்கல. காத்து அடிச்சுது. தண்ணி டீ கலர்ல இருந்துச்சு. அழிச்சாச்சு.

"கரையில நின்னு பெரிய கிராப்பி பிடிக்க பத்து வழி." மூணாவது வழி எழுதும்போது அது ஒண்ணாவதுக்கு நேர் எதிரா இருக்குன்னு தெரிஞ்சுது. அதையும் விட்டாச்சு.

"நான் ஒரு முட்டாள்." இதை வெச்சுக்கலாம்னு பாத்தேன். உண்மைதான், ஆனா அதுல மீன் இல்ல.

"ட்வைலா ஜனவரி மாசம் ஏரிக்குள்ள நடந்து போனாங்க."

இது நல்லாருக்குல்ல? இதுல பொய்யும் இல்ல. வருஷா வருஷம் குளிர்காலத்துல அணையைத் திறந்து தண்ணியை இறக்கிடுவாங்க. கரையோரம் முழுக்க வெடிச்ச சேறா கிடக்கும். படகு வெச்சிருக்கறவங்க அந்த ரெண்டு மாசம் வீட்டுல உக்காந்து மோட்டாரைத் துடைப்பாங்க. படகு இல்லாத அண்ணி அப்பதான் வேலையே பாத்தாங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்சு தெருவோரம் தூக்கிப் போட்ட மரமெல்லாம் எனக்கும் அண்ணிக்கும்தான். பிக்கப்ல பதினோரு மரம். ஒண்ணுல வெள்ளி ஜிகினா கூட எடுக்காம விட்டிருந்தாங்க. அதையெல்லாம் சேத்துக்குள்ள இழுத்துட்டுப் போய், அடிமரத்துல சிமெண்ட் கல்லைக் கட்டி, ரெண்டு ரெண்டு மரமா சாய்ச்சு நிறுத்தினோம். மார்ச்சுல தண்ணி ஏறும். மரம் மூழ்கும். குஞ்சு மீன் அதுக்குள்ள ஒளியும், அதைத் திங்க கிராப்பி வரும். கரையில இருந்து தூண்டில் கம்பு எட்டற தூரத்துல மீனுக்கு நாங்களே ஒரு வீடு கட்டிட்டோம். எங்கன்னு எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கட்டினது எதால தெரியுமா? இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும். சக்கர நாற்காலியில வர்ற பிள்ளைங்களுக்காக பஸ்ஸோட தரையில நாற்காலியைக் கட்டுவாங்கல்ல, அந்தப் பட்டை. ஆரஞ்சு கலர். கொஞ்சம் நைஞ்சாலே மாத்திடணும்னு சட்டம். நைஞ்சதெல்லாம் அண்ணி வீட்டுக்கு வந்துடும். முடிச்சுப் போட்டு, நுனியை மறுபடி உள்ள செருகி, பிரியாம இருக்க லைட்டரால லேசா கருக்கிடுவாங்க. அந்த மாதிரி முடிச்சு இந்த ஏரியில வேற யாரும் போடமாட்டாங்க.

3

மீன் பிடிக்கிற பகுதி. இதுல பொய் சொல்ல ஒண்ணுமில்ல.

கரையில நிக்கிறவன் என்ன பண்ணுவான்? எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுவான். நானும் அதான் பண்ணிட்டு இருந்தேன். படகுல இருக்கறவன் என்ன பண்ணுவான்? எவ்வளவு முடியுமோ அவ்வளவு கரைக்குப் பக்கமா வீசுவான். ரெண்டு பேர் தூண்டிலும் நடுவுல சிக்கிக்கும், மீன் என் காலடியில இருக்கும். அண்ணி வீசவே மாட்டாங்க. பன்னெண்டு அடிக் கம்பை நீட்டி, பொடி மீனை மரத்துக்கு மேல மெதுவா இறக்கிட்டு அப்படியே நிப்பாங்க.

மேலதான். கீழ இல்ல. கிராப்பிக்குக் கண்ணு மேல பாத்த மாதிரி இருக்கு, இரை தனக்குக் கீழ இருந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. நான் ரெண்டு வருஷமா மீனுக்கு அடியில தூண்டில் போட்டுட்டு மீனே இல்லன்னு சொல்லிட்டு இருந்தேன்.

அப்புறம், சின்னது ரெண்டு மூணு வரிசையா வந்தா சந்தோஷப்படாம இடம் மாறணும். பெருசு கும்பல்ல நிக்காது, நெருக்கமான கிளைக்குள்ள தனியா நிக்கும். பொடி மீனும் கொஞ்சம் பெருசா மாட்டணும், அப்பதான் சின்னது வாய் வைக்காது. பக்கெட்டை தொம்முன்னு வைக்கக்கூடாது (முதுகுல அடி வாங்கிக் கத்துக்கிட்டேன்). நூல்ல கட்டின மிதப்பு முங்கினதும் வெடுக்குன்னு இழுக்கவே கூடாது. அதோட வாய் காகிதம் மாதிரி, கிழிஞ்சு போயிடும். தூக்கணும். சும்மா தூக்கணும்.

(இது கட்டுரை மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சிடுங்க. மீன்னு வந்தா எனக்கு இப்படித்தான் ஆகும்.)

அண்ணிக்கு காலை டிரிப் ஒன்பது மணிக்கு முடிஞ்சிடும், அடுத்தது ரெண்டரைக்கு. எனக்கு கோழி ஃபேக்டரியில மூணு மணி ஷிப்ட். அதனால தினமும் ஒன்பது இருபதுக்கு ரெண்டு பேரும் மரம் நட்ட இடத்துல, அந்த சிவப்புக் கதவுப் பக்கம் ஆஜர். உப்பு பிஸ்கட், டப்பா சாஸேஜ், அவங்க தெர்மாஸ்ல இனிப்பு டீ. மூணாவது நாள் நான் ஒண்ணு தூக்கினேன். ஒண்ணே முக்கால் பவுண்டு. அண்ணியே ஃபோட்டோ எடுத்தாங்க.

அந்த ஃபோட்டோவை நான் ஊர் குரூப்ல போட்டேன்.

நம்மூர்ல எல்லாரும்தான் மீன் ஃபோட்டோ போடறோம். ஆனா இடம் தெரிஞ்சுடக்கூடாதுன்னு பின்னாடி என்ன இருக்கும்? வானம். இல்லன்னா பிக்கப்போட கதவு. கல்யாண ஃபோட்டோவைக் கூட அவ்வளவு கவனமா வெட்டமாட்டாங்க. நான் வெட்டல. மீனைப் பாத்தேன், என் பல்லைப் பாத்தேன், போட்டுட்டேன். என் இடது தோளுக்கு மேல பம்ப் ரூமோட சிவப்புக் கதவு பளிச்சுன்னு தெரிஞ்சுது.

4

சனிக்கிழமை.

இந்தப் பகுதியை சீக்கிரமா எழுதிடறேன்.

பதினாலு பக்கெட். பக்கெட்டைக் கவுத்துப் போட்டு ஆளுங்க வரிசையா உக்காந்திருந்தாங்க. தண்ணிப் பக்கம் ஒரு படகு, சரியா எங்க மரத்துக்கு மேல. வெண்டல். என்னைப் பாத்துக் கையாட்டினான்.

அண்ணியோட பிக்கப் வந்துச்சு. இறங்கல. எப்பவும் ஹலோ சொல்ற மாதிரி ஸ்டியரிங் மேல வெச்ச கையில ரெண்டு விரல் கூடத் தூக்கல. நான் ஓடினேன். கண்ணாடி பாதி இறங்குச்சு.

"கோல்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சேத்துல என்கூட மரம் இழுத்ததெல்லாம் உங்கண்ணனுக்காகவா?"

இல்லன்னு சொல்றதுக்குள்ள கண்ணாடி ஏறிடுச்சு.

நானும் வெண்டலும் ஒரே வீட்டுல இருக்கோம். அவங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

 வெண்டலும் ஃபோட்டோவைப் பாத்துதான் வந்தான். நான் சொல்லவே இல்ல. இதை அவங்ககிட்ட எப்படி நிரூபிக்கிறது? முடியல. அதுதான் என் கதை. மீன் கதைன்னு நீங்க நினைச்சிருந்தா, நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

5

பத்து நாள் பேச்சே இல்ல. அப்புறம் ஒரு செவ்வாக்கிழமை ரெண்டே காலுக்கு எங்க வீட்டு முன்னாடி ஸ்கூல் பஸ் வந்து நின்னுச்சு. காலி பஸ். கதவு புஸ்ஸுன்னு மடங்கித் திறந்துச்சு. நான் படியில காலை வெச்சேன்.

"ஏறாத. நின்னே கேளு."

நின்னேன். மேல டிரைவர் சீட்டுல இருந்து, ரோட்டைப் பாத்துக்கிட்டே, திட்டத்தைச் சொன்னாங்க. அதைத்தான் மொதல் பகுதியில எழுதியிருக்கேன். கெடுத்தது நீ, சரி பண்ண வேண்டியதும் நீன்னாங்க. சனிக்கிழமைக்கு முன்னாடி போட்டுடணும்னாங்க. நீ எதை எழுதினாலும் ஜனங்க நம்புவாங்க, உன் மூஞ்சியில பொய் நிக்காதுன்னாங்க. பாராட்டா திட்டான்னு தெரியல.

எந்த இடம்னு எழுதட்டும்னு கேட்டேன்.

"[        ]," அப்படின்னாங்க.

அங்க எவனும் போகமாட்டானே, முட்புதராத்தானே இருக்குன்னேன்.

"அதனாலதான்டா சொல்றேன். நல்லா விவரமா எழுது. நேர்ல நின்னு பாத்த மாதிரி இருக்கணும்."

கதவு மூடிடுச்சு.

(அவங்க கடைசியா சொன்ன இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கங்க. நான் ராத்திரி பகல்னு இல்லாம அதையே உருட்டிட்டு இருக்கேன்.)

6

நேர்ல நின்னு பாக்காம நேர்ல பாத்த மாதிரி எப்படிங்க எழுதறது? எனக்கு வராது. அதனால புதன்கிழமை காலையில போனேன்.

[இங்க போற வழி இருந்துச்சு. எடுத்துட்டேன்.]

[இங்க ஒரு பழைய பாலம் இருந்துச்சு. எடுத்துட்டேன். ஐயோ, எடுத்துட்டேன்னு சொல்றதுக்காக மறுபடி எழுதிட்டேன். பாலம் இல்ல. பாலமே இல்ல. விடுங்க.]

கம்பை எதுக்கு எடுத்துட்டுப் போனேன்? கம்பு இல்லாம நான் ஏரிக்குப் போனதே கிடையாது. அவ்வளவுதான் காரணம். முட்புதரைத் தாண்டினா நாலடி அகலத்துல நிக்க ஒரு இடம். மேகம் போட்டிருந்துச்சு. காத்து கரையைப் பாத்து அடிச்சுது. கதையில எழுதறதுக்காக ஒரு தடவை இறக்கிப் பாப்போமேன்னு இறக்கினேன். ரெண்டடி ஆழம்.

மிதப்பு முங்கல. படுத்துக்கிச்சு. பெருசு அப்படித்தான் கடிக்கும், கீழ இருந்து மேல வந்து எடுக்கும்போது மிதப்புக்கு பாரம் போயிடும். தூக்கினேன். சும்மா தூக்கினேன். கம்பு பாதி வட்டமா வளைஞ்சுது.

ரெண்டு பவுண்டு ஒன்பது அவுன்ஸ்.

என் ஆயுசுல அவ்வளவு பெரிய கிராப்பி பாத்ததில்ல. உள்ளங்கையை விரிச்சு வெச்சேன், ரெண்டு பக்கமும் மீன் மிச்சமிருந்துச்சு. ஃபோட்டோ எடுத்தேன். வானம் மட்டும் தெரியற மாதிரி. மீனை விட்டுட்டேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா சோளமாவுல புரட்டிப் பொரிக்கிறதுக்கு முன்னாடியே வெண்டல் எங்கடா பிடிச்சன்னு கேப்பான்.

மறுபடி இறக்கினேன். இந்தத் தடவை கொக்கி கீழ மாட்டிக்கிச்சு. இழுத்தேன், ஏதோ முறிஞ்சுது. ஒரு கிளை வந்துச்சு. கிளையோட ஒரு பட்டை.

ஆரஞ்சு. நுனி உள்ள செருகி, கருக்கி விட்டது.

7

எனக்குக் குழப்பம் ஆரம்பிச்சது அங்கதான். உங்களுக்கும் இப்ப ஆரம்பிக்கும், பொறுமையா வாங்க.

அந்த மரம் அண்ணி கட்டினது. அதுல சந்தேகமே இல்ல. ஆனா எப்ப கட்டினாங்க? கல்யாணம் ஆகியிருந்தப்ப வெண்டலுக்காகவும் அவங்கதான் கட்டிக் கொடுப்பாங்க. அவன் படகுல ஏத்திட்டுப் போய் முக்குவான், படகோட ஜி.பி.எஸ் திரையில அந்த இடத்துக்குப் புள்ளி வெச்சுப்பான். அப்படின்னா அது வெண்டலோட மரமா இருக்கலாம். இல்ல, இந்த ஜனவரியில எனக்கே தெரியாம தனியா போய் நட்டதா இருக்கலாம். அப்படின்னா அவங்க மரம்.

கிளையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஊசி இலை கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சு, கொஞ்சம் இல்ல. வெண்டல் மரம்னா ரெண்டு வருஷமாவது பழசு, ஆனா தண்ணிக்குள்ள இலை எத்தனை நாள் நிக்கும்னு எனக்குத் தெரியாது. தூண்டில் கடை ஓப்பலுக்குத் தெரியும். பொடி மீன் ரெண்டு டஜன் வாங்கற மாதிரி போனேன்.

"மிஸ் ஓப்பல், மரம் ஒண்ணு தண்ணிக்குள்ள எத்தனை வருஷம் இலையோட இருக்கும்?"

"எங்க இருக்கற மரம்?"

"சும்மா கேட்டேன். பொதுவா."

"பொதுவா மரம் காட்டுல இருக்கும். எங்க?"

வலையைத் தண்ணியில விட்டுட்டு என்னையே பாத்தாங்க. நான் பொடி மீனை வாங்கிட்டு ஓடி வந்துட்டேன்.

வெண்டல்கிட்ட கேக்கலாமா? அவன் மரமா இருந்தா, நான் அவன் இடத்தைக் கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சுடும். அவன் மரமா இல்லாட்டி, அங்க ஒரு மரம் இருக்குன்னு அவனுக்கு நானே சொன்ன மாதிரி ஆயிடும், அண்ணியை ரெண்டாவது தடவை காட்டிக் கொடுத்தவன் ஆயிடுவேன். அண்ணிகிட்டயே கேட்டா? போய் பாத்தியான்னு கேப்பாங்க. யாரையும் கேக்க முடியாத ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?

8

முடிவு மூணு வெச்சிருக்கேன். மூணும் எனக்கு நெசமாத்தான் தெரியுது.

அ. அது வெண்டலோட மரம். சிவப்புக் கதவைக் காலி பண்றது ஒரு சாக்கு. பதினாலு பக்கெட்டையும் என் கையாலயே எங்க அண்ணன் இடத்துல கொண்டுபோய் உக்கார வைக்கிறதுதான் அண்ணியோட திட்டம். அவனுக்கும் அது எப்படியிருக்கும்னு தெரியட்டும். நான் கதையைப் போடறேன், சனிக்கிழமை வெண்டல் வீட்டுக்கு வந்து என் முன்னாடி உக்காந்து படகுச் சாவியை மேசையில வெச்சு—

இதை எழுத முடியல. அவன் நல்லவன் இல்ல, ஆனா காலையில எனக்கும் சேத்துதான் முட்டை பொரிப்பான்.

ஆ. அது அவங்க மரம். இது ஒரு பரீட்சை. நேர்ல போகாம நான் எழுதமாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். போனா பட்டை மாட்டும். பாத்ததுக்கு அப்புறமும் இவன் இடத்தை எழுதிப் போடறானான்னு பாப்போம். போட்டா, நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதோட முடிஞ்சுது.

இ. அது அவங்க மரம், ஆனா பரீட்சை இல்ல. எனக்குக் கொடுத்தாங்க. மன்னிச்சிட்டேன்னு சொல்ல அவங்களுக்கு வராது. எங்க வீட்டுலயும் யாருக்கும் வராது. அதனால "நேர்ல நின்னு பாத்த மாதிரி எழுது"ன்னு சொல்லி, இருக்கறதுலயே நல்ல மரத்துக்கு என்னை அனுப்பி வெச்சாங்க.

எனக்கு இ வேணும். வேணும்னு நினைக்கிறதாலயே அது மேல சந்தேகமா இருக்கு.

(அண்ணியோட பாத்திரத்தை நான் சரியா எழுதலையோ? இவ்வளவு யோசிக்கிற ஆளா அவங்க? ஒருவேளை அங்க மரம் இருக்கறதே மறந்து போயி, வாயில வந்த இடத்தைச் சொல்லியிருந்தா? அப்படின்னா ஈ-ன்னு ஒண்ணு எழுதணும். இல்ல. அவங்க மரத்தை மறக்கமாட்டாங்க. மரம் நிக்கற இடம் மனசுல பதியணும்னு ஜனவரியில கண்ணை மூடிட்டு அடி எண்ணி நடந்தவங்க.)

நேத்து மத்தியானம் ஃபோன்ல ஒரு வரி அனுப்பினாங்க. "இன்னும் போடலையா?"

நான் இதை அதட்டலா படிச்சேன். அப்புறம் பயந்து கேட்ட மாதிரி படிச்சேன். அப்புறம் சிரிச்சுக்கிட்டே கேட்ட மாதிரி. மூணும் சரியாத்தான் இருந்துச்சு.

9

அதனால நான் எடுத்த முடிவு இதுதான். பொய்க் கதையைப் போடல. அதை அழிச்சாச்சு. நீங்க படிக்கிறீங்கல்ல, இதைத்தான் போடறேன். இடம் இல்லாம. உங்க கையில இருக்கறது ஒரு மரம், ஒரு ஆரஞ்சுப் பட்டை, ரெண்டு பவுண்டு ஒன்பது அவுன்ஸ், நடுவுல ஒரு ஓட்டை. பக்கெட்டைத் தூக்கிட்டு நீங்க எங்கயும் போக முடியாது. சிவப்புக் கதவுல வேணா போய் உக்காருங்க, அங்க இப்ப சின்னதுதான் கடிக்குது.

ஆனா இந்தக் குரூப்ல ரெண்டு பேருக்கு மட்டும் இடம் புரியும். இல்லன்னா ஒருத்தருக்கு.

அண்ணே, நீ படிப்பன்னு தெரியும். அது உன் மரமா இருந்தா, பட்டைன்னு எழுதின இடத்துலயே உனக்குப் புரிஞ்சிருக்கும். பாக்க வருவ. அண்ணி, நீங்களும் படிப்பீங்க. திட்டுவீங்க, அது தனி. திட்டத்தை ஊருக்கே சொல்லிட்டானேன்னு கத்துவீங்க. ஆனா இடத்தைச் சொல்லலை பாத்தீங்களா. ரெண்டு தடவை வாயில வந்தும் சொல்லலை. பாலம் கணக்குல சேராது.

திங்கக்கிழமை காலையில ஒன்பது இருபதுக்கு நான் அங்கதான் இருப்பேன், அந்த நாலடி இடத்துல. பக்கெட்டைச் சத்தமில்லாம வைப்பேன். ரெண்டு கம்பு கொண்டுபோறேன், ஒண்ணு பன்னெண்டு அடி. ஏரியைப் பாத்து உக்காந்திருப்பேன். படகு வந்தா முன்னாடி இருந்து சத்தம் வரும். பிக்கப் வந்தா முதுகுப் பக்கமிருந்து வரும், அந்த வண்டிக்கு சைலன்ஸர்ல ஓட்டை, அரை மைலுக்கு முன்னாடியே கேக்கும்.

ரெண்டும் வந்துட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்கேன், ஓடிடுவேன். ரெண்டுமே வரலைன்னா? அதை இப்பதான், இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

வந்துடும். ஏதாவது ஒண்ணு வரும். நீங்க இவ்வளவு நேரம் என்கூட உக்காந்து எல்லாத்தையும் கேட்டீங்க, பஸ் படியில நின்னு நான் கேட்ட அதே வார்த்தையை நீங்களும் கேட்டீங்க. அவங்க குரல் உங்களுக்கு எப்படி இருந்துச்சு? திங்கக்கிழமை எனக்கு எந்தப் பக்கமிருந்து சத்தம் கேக்கும்னு நினைக்கிறீங்க, முன்னாடி இருந்தா, முதுகுப் பக்கமிருந்தா?